பாதி வெப்பம்: ஓரிக்கைச் சாயப்பட்டறையும் 1996 இணை மின்னுற்பத்தித் தீர்மானமும்

சர்க்கரை ஆலையில் வெற்றி கண்ட, ஒரே எரிபொருளில் மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் இணை மின்னுற்பத்தியைப் பட்டுச் சாயத் தொழிலுக்கும் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு சாரார் தொடர்ந்து வாதிட்டு வருகின்றனர். அவர்களின் வாதத்துக்கு இரண்டு கால்கள். வெந்நீர் தேவைப்படும் இடமெல்லாம் இணை மின்னுற்பத்திக்கு ஏற்ற இடம் என்பது ஒன்று. காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் ஏற்றித் தரும் ஹீட் பம்ப் குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்க வந்த கருவி, காஞ்சிபுரத்தில் அதற்கு வேலையில்லை என்பது மற்றொன்று. பாலாற்றங்கரையில், இன்று காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிய ஓரிக்கையை மனத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்காது என்பது இக்கட்டுரையின் துணிபு. முதல் காலைத் தாங்கி நிற்பது ஓர் அரசு ஆவணம். அதைப் படித்த முறையில்தான் பிழை இருக்கிறது.

மத்திய மின் அமைச்சகம் 1996 நவம்பர் 6 அன்று வெளியிட்ட தீர்மானமே அந்த ஆவணம். எரிபொருளிலிருந்து முதலில் மின்சாரத்தை எடுத்து, மிஞ்சும் வெப்பத்தைத் தொழிலுக்குத் தரும் நிலையங்களுக்கு அது ஒரு தகுதி வரம்பு வைத்தது. பயனுள்ள மின்சாரத்தோடு பயனுள்ள வெப்பத்தில் பாதியைக் கூட்டினால், அது நிலையம் செலவிடும் ஆற்றலில் 45 சதவீதத்தை மிஞ்ச வேண்டும். மேற்சொன்ன சாரார் இந்தப் பாதியை இயற்பியல் உண்மையாகவே எடுத்துக்கொண்டனர். ஒரு யூனிட் வெப்பம் அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம், ஆகவே சாயத்தொட்டிக்குப் போகும் வெந்நீர் எல்லாம் பாதி மின்சாரம் என்பது அவர்கள் கணக்கு.

ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. வரம்பைச் சொன்ன கையோடு, அது பருவகாலத்தில் எட்டப்பட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. பருவம் எந்தத் தொழிலுக்கு உண்டு? கரும்பு அரைவைக்கு. சக்கையை எரித்து, உயரழுத்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி, வெளிவரும் தாழழுத்த நீராவியில் சாறு காய்ச்சும் ஆலையில், அரைவை நடக்கும் மாதங்களில் வெப்பத்துக்கு இரவும் பகலும் தேவை உண்டு. இந்த நிபந்தனையை எழுதியவர்களின் கண்முன் இருந்தது அந்த ஆலைதான் என்றே நான் கருதுகிறேன். பாதி என்ற எண்ணும் இங்கே பிறந்ததன்று. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகளில் அதே பாதியும், 42.5, 45 என்ற வரம்புகளும் உள்ளன. ஊக்கத்தொகைக்கு யார் தகுதி என்று பிரிக்க வகுத்த நிர்வாக அளவுகோல் அது. வெப்பத்தின் மதிப்பை அளக்க அதைக் கையாள்வது பொருந்தாது.

வெப்பத்தின் மதிப்பு அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. சுற்றுப்புறம் 30 டிகிரி என்று கொண்டால், 150 டிகிரியில் கிடைக்கும் வெப்பத்திலிருந்து கொள்கை அளவில் அதிகம்போனால் 28 சதவீதத்தை வேலையாக மாற்றலாம். 28 டிகிரித் தண்ணீரை 90 டிகிரிக்கு ஏற்றும் வெப்பத்தில் அப்படி மாற்றத்தக்கது சுமார் எட்டரை சதவீதமே. எட்டரைக்கு ஐம்பது என்று விலை போட்டுவிட்டு இலாபம் பேசுவது முறையன்று.

இனி ‘பயனுள்ள’ என்ற அடைமொழி. அந்தச் சாரார் இதைக் கவனிக்காமலே தாண்டிவிட்டனர். என் வாதத்தின் உயிர்நாடியோ இதுதான். கச்சாப்பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசை. சோப்பும் சோடாவும் கலந்து கொதிநிலையை நெருங்கிய நீரில் அதை நீக்குகிறார்கள். பிறகு பட்டுநூல் கழிகளைக் கம்பில் கோத்துச் சாயத்தொட்டியில் தொங்கவிட்டு, தலைமாற்றித் தலைமாற்றித் தோய்க்கிறார்கள். நிறம் பிடிக்கப் பிடிக்கத்தான் சூட்டைக் கூட்டுவார்கள். ஒரே மூச்சில் ஏற்றினால் சாயம் திட்டுத்திட்டாக விழும். பிறகு அலசல், பிழிதல், நிழலில் உலர்த்தல். இவற்றுக்குச் சூடு வேண்டியதில்லை. தொட்டிக்கு வெப்பம் தேவைப்படுவது நாளில் சில மணி நேரமே. மற்ற நேரத்தில் இணை மின்னுற்பத்தி எஞ்சின் தரும் வெந்நீர் யாருக்கும் பயன்படாமல் ஆறிப்போகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 100 பங்கு எரிவாயுவில் 35 பங்கு மின்சாரமும் 45 பங்கு வெந்நீரும் தரும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். முழு வெந்நீரும் பயன்பட்டால் 35உம் 22.5உம் சேர்ந்து 57.5, வரம்பைத் தாராளமாகத் தாண்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 மட்டுமே பயன்பட்டால்? 35உம் 7.5உம் சேர்ந்து 42.5. எந்தத் தீர்மானத்தை ஆதாரமாகக் காட்டினார்களோ, அதன் வரம்பிலேயே சாயப்பட்டறை எஞ்சின் தோற்றுவிடுகிறது.

அதே 35 மின்சாரத்தையும் 15 வெந்நீரையும் வேறு வழியில் பெறலாம். 50 சதவீதத் திறனுள்ள எரிவாயு மின்நிலையம், வழியில் 15 சதவீத இழப்பு, பட்டறையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் என்று கொண்டால் 92 பங்கு எரிபொருள் போதும். 35 சதவீதத் திறனுள்ள நிலக்கரி நிலையம் மட்டுமே மின்சாரம் தருமானால் கணக்கு 132க்கு ஏறும். அப்போது எஞ்சினே மேல். இதை மறைப்பதற்கில்லை. ஆனால் சாயம் தோய்ப்பது பகல் வேலை. முப்பந்தல் காற்றாலைகளும் கமுதிச் சூரிய மின்நிலையமும் உள்ள மாநிலத்தில் பகல் மின்சாரத்தை வெறும் நிலக்கரியாகக் கொள்ளக் காரணமில்லை.

இரண்டாவது கால் இன்னும் மெலிந்தது. பிரிட்டனுக்காக இயற்பியலாளர் டேவிட் மெக்கே 2008இல் எழுதிய நூலிலேயே, வீட்டைச் சூடாக்க இணை மின்னுற்பத்தியைவிட ஹீட் பம்ப் மேல் என்ற வாதம் உண்டு. அது குளிர்நாட்டு வாதம் என்று நம்மவர் ஒதுக்கிவிட்டனர். குளிர்நாட்டில்தான் அக்கருவி திணறுகிறது. பூஜ்ய டிகிரிக் காற்றிலிருந்து 60 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்றினால், ஒரு யூனிட் வேலைக்குக் கொள்கை உச்சம் ஐந்தரை யூனிட். ஓரிக்கையின் 30 டிகிரிக் காற்றிலிருந்து ஏற்றினால் பதினொன்று. நடைமுறையில் எந்தக் கருவியும் உச்சத்தை நெருங்குவதில்லை. ஆனாலும் விகிதம் நம் பக்கமே சாய்கிறது.

60 டிகிரிக்கு மேல் நிலைமை வேறு. ஜப்பானில் 2001இல் விற்பனைக்கு வந்த ஈகோக்யூட் கருவிகள் கரியமில வாயுவைக் கொண்டு 90 டிகிரி வரை வெந்நீர் தருகின்றன. குளிர்ந்த நீர் உள்ளே போனால்தான் அவற்றுக்கு வலு. அவ்வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி. நம் தொட்டி நீரோ கோடையில் அதை ஒட்டியே இருக்கும். எனவே ஜப்பானிய எண்களை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆனால் 28இலிருந்து 90 வரை ஏற வேண்டிய 62 டிகிரியில், 32 டிகிரி 60க்குக் கீழே முடிந்துவிடுகிறது. பாதிக்கு மேற்பட்ட அந்தச் சுமையைச் சாதாரண ஹீட் பம்பே ஏற்கும்.

ஹீட் பம்பிலிருந்து வரும் குளிர்ந்த காற்று ஈரம் வற்றியது, குழித்தறியின் ஈரத்தை நம்பி நெய்பவர்களுக்குப் பாவு அறுபடும் என்று ஓர் ஆட்சேபம். சாயத்தொட்டி இருக்கும் கூடத்தில் தறி போடுவதில்லை. இதற்கு மேல் பதில் தேவையில்லை. விலை பற்றிய ஆட்சேபம் கனமானது. ஆனால் அதை எடைபோட வேண்டியது விறகடுப்போடு, எஞ்சினோடு அன்று. திறந்த அடுப்பு விறகின் ஆற்றலில் 15 சதவீதத்தைத் தண்ணீருக்குத் தருகிறது என்று கொள்வோம். அதே அளவு ஆற்றலுள்ள நிலக்கரியை மின்சாரமாக்கி, இழப்பையும் கழித்து ஹீட் பம்புக்குக் கொடுத்தால் தண்ணீருக்குச் சேர்வது 104 சதவீதம். மிக மோசமான மின்சாரத்தைக் கொண்டே ஏறத்தாழ ஏழு மடங்கு. அடுப்பு வாயில் புகையை விழுங்கிக்கொண்டு கழி திருப்புகிறவரின் நெஞ்சு இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

கைத்தறி நெசவாளருக்கு 2023 முதல் இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். அது தறியை நோக்கிய சலுகை. சாயத்துக்கும் ஆதரவு நீட்டப்படுமானால், விண்ணப்பத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை டிகிரியில் வெப்பம் வேண்டும், நாளில் எத்தனை மணி நேரம் வேண்டும். 1996 தீர்மானம் இவ்விரண்டில் எதையும் கேட்கவில்லை. கடைசி 30 டிகிரிக்குச் சிறு கொதிகலனோ, மூடிய அடுப்போ எது தகும் என்பதைப் பட்டறைதோறும் தொட்டியில் வெப்பமானி வைத்து அளந்தபின்தான் முடிவு செய்ய முடியும்.