ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் வழி மூதாதையர் தேடல்

ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் வழி மூதாதையர் தேடல் என்பது, 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்தில் இருந்து கடல் கடந்த நாடுகளுக்குக் கூலிகளாகச் சென்றோரின் ஊர், பெற்றோர், உறவினர் ஆகிய விபரங்களை அவர்களது வழித்தோன்றல்கள் பழைய ஆவணங்களின் துணையுடன் கண்டறிய முயல்வதைக் குறிக்கும். தென்னாப்பிரிக்கா, மொரிசியசு, பிஜி, ரீயூனியன், கயானா முதலிய நாடுகளில் வாழும் தமிழ் வம்சாவளியினர் பலர் இம்முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். இவர்களுள் பெரும்பாலோரிடம் மூதாதையரின் பெயர் திரிந்த வடிவில் எஞ்சியுள்ளது. ஊர்ப் பெயர் எஞ்சவில்லை.

வரலாற்றுப் பின்னணி

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1834 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதைத் தொடர்ந்து, கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் இந்தியாவில் இருந்து ஒப்பந்த அடிப்படையில் திரட்டப்பட்டனர். ஒப்பந்தக் காலம் பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஆகும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற முதற் கப்பலான துரூரோ, சென்னையில் இருந்து 342 பேருடன் புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இடையில் 1866 இல் நின்றுபோன இக்குடிபெயர்வு 1874 இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடைபெற்றது. இக்காலத்தில் நேட்டால் சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். பிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் சென்றனர். தென்னிந்தியர் 1903 இல் இருந்தே அங்கு அனுப்பப்பட்டனர்.

சென்னை மாகாணத்தில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களில் இருந்து பெருந்தொகையானோர் சென்றனர். 1876-78 ஆண்டுகளின் பெரும் பஞ்சமும் நிலமற்ற உழவுத் தொழிலாளரின் வறுமையும் இதற்கான முக்கிய காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பதிவேடுகளில் உள்ள விபரங்கள்

ஒப்பந்தத்தின் கீழ்ச் சென்ற ஒவ்வொருவரும் துறைமுகத்தில் பதிவு செய்யப்பட்டனர். நேட்டால் கப்பற் பட்டியல்களில் பொதுவாகப் பின்வரும் விபரங்கள் காணப்படுகின்றன.

* குடியேற்ற எண்
* பெயர், தந்தை பெயர்
* வயது, பால், சாதி
* மாவட்டம், வட்டம், ஊர்
* உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம்
* வேலைக்கு அமர்த்தியவர் அல்லது தோட்டத்தின் பெயர்

இவற்றுள் குடியேற்ற எண் மிக முக்கியமானது. ஒரே கப்பலில் பல முனுசாமிகளும் பல இலட்சுமிகளும் சென்றிருப்பர் ஆதலால், பெயரை மட்டும் கொண்டு ஒருவரை உறுதிப்படுத்துவது அரிது. ஒருவருக்கு வழங்கப்பட்ட எண் அவரது பிற்காலத்து அரசு ஆவணங்களிலும் இடம்பெற்றது. எனவே குடும்பத்தில் உள்ள பழைய திருமண, இறப்புச் சான்றுகளில் அந்த எண் உள்ளதா எனப் பார்ப்பதே தேடலின் முதற் படியாகும்.

தந்தை பெயர்ப் பகுதியின் வழியே கப்பலேறாத ஒரு தலைமுறையின் பெயரும் கிடைத்து விடுகின்றது. இந்தப் பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா, ஜாய் பிரெயின் ஆகிய வரலாற்றாய்வாளர்கள் நூல்கள் எழுதியுள்ளனர். பட்டியலின் கணினித் தரவு குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் உள்ளது.

பிற நாடுகளின் ஆவணங்கள்

மொரிசியசின் குடிவரவு ஆவணங்கள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களில் இருந்து தொழிலாளரின் ஒளிப்படங்களும் அங்கு எடுக்கப்பட்டமை இவ்வாவணங்களின் தனிச்சிறப்பு ஆகும். பிஜியின் குடிபெயர்வுச் சீட்டுகள் சுவா நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிஜி, கயானா, சுரிநாம், திரினிடாட்டு டொபாகோ ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011 இலும், மொரிசியசின் ஆவணங்கள் 2015 இலும் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் நிலை வேறானது. இந்நாடுகளுக்குச் சென்றோரில் பெரும் பகுதியினர் கங்காணி முறையில் சென்றவர்கள். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் குழுவாக அழைத்துச் சென்றமையால், நேட்டாலைப் போன்று ஆள்வாரியான விரிவான பட்டியல்கள் கிடைப்பதில்லை. இலங்கை செல்வோருக்கு வழங்கப்பட்ட தகர வில்லையில் அவர் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளமே இருந்தது. புறப்பட்ட ஊர் அதில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது பாட்டன் வழிப் பிறப்புச் சான்றைக் கோரியபோது, இத்தகைய ஆவணக் குறைபாடு மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஊரைக் கண்டறிதல்: கூரம் ஓர் எடுத்துக்காட்டு

பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருந்தாலும் அவ்வூரை இன்றைய வரைபடத்தில் அடையாளம் காண்பது எளிதன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள கூரம் என்னும் சிற்றூரைக் கொண்டு இதை விளக்கலாம். உரோம எழுத்தில் கூ, கு என்னும் குறில் நெடில் வேறுபாடும், ர, ற வேறுபாடும் பெரும்பாலும் மறைந்து விடுவதால், எழுத்தர் எழுதிய ஊர்ப் பெயரைக் கூரம், குரம், கூறம், குறம் எனப் பலவாறு படிக்க முடியும். வட்டத்தின் பெயர் அக்கால வழக்கில் காஞ்சீவரம் என எழுதப்பட்டிருக்கும்.

மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காஞ்சிபுரம், திருப்பெரும்புதூர், திருவள்ளூர், பொன்னேரி, மதுராந்தகம், சைதாப்பேட்டை முதலிய வட்டங்கள் அடங்கியிருந்தன. 1997 இல் இப்பகுதி காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 2019 இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று. ஆகவே பதிவேட்டில் செங்கல்பட்டு என இருப்பதைக் கண்டு இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் தேடுவது தவறான முடிவைத் தரும்.

கூரம் தொன்மையான ஊர் ஆகும். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கி.பி. 7 ஆம் நூற்றாண்டுச் செப்பேடு இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகின்றது. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் இதுவே என வைணவ மரபு கூறுகின்றது. எனினும் இத்தகைய ஊர்களில் மன்னரின் கொடைகளுக்கும் ஆசாரியரின் வரலாற்றுக்கும் உள்ள எழுத்துச் சான்று, 19 ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கு இருப்பது அரிது. அத்தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், உயரம், தழும்பு ஆகியன ஓரிடத்தில் எழுதப்பட்டது பெரும்பாலும் அவர் ஊரை விட்டு நீங்கியபோது தான்.

திருச்சபைப் பதிவேடுகள்

குடிபெயர்ந்தோருள் கிறித்தவரும் இருந்தனர். கப்பற் பட்டியலில் இவர்களது சாதிப் பகுதியில் கிறித்தவர் என்றே எழுதப்பட்டிருப்பதும் உண்டு. ஜாய் பிரெயின் 1983 இல் வெளியிட்ட நூல் நேட்டாலின் இந்தியக் கிறித்தவரைப் பற்றியதாகும். இவர்களுக்கு மட்டும் ஊர்ப் பக்கத்திலும் ஒரு சான்று இருக்க வாய்ப்புண்டு. கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர் ஆகிய விபரங்கள் எழுதப்படும். காஞ்சிபுரம் பகுதியின் பங்குகள் முன்னர் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்து, 2002 முதல் செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் கீழ் உள்ளன.

இவ்வகையில் அயர்லாந்துடனான ஒப்பீடு பயனுள்ளது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது ஐரியர் பத்து இலட்சம் பேர் வரை நாட்டை விட்டு வெளியேறினர். 1922 இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானதில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் பங்குகளிலேயே இருந்த கத்தோலிக்கத் திருமுழுக்கு ஏடுகள் தப்பின. அயர்லாந்துத் தேசிய நூலகம் அவற்றின் படிமங்களை 2015 இல் இணையத்தில் வெளியிட்டது. அமெரிக்கா சென்ற ஐரியரின் கப்பற் பட்டியலில் பல வேளைகளில் அயர்லாந்து என்று மட்டுமே இருக்கும். ஆக, ஐரியருக்கு ஊரில் ஏடு உண்டு, கப்பலில் ஊர் இல்லை. தமிழருக்குக் கப்பலில் ஊர் உண்டு, ஊரில் ஏடு இல்லை எனலாம்.

கவனிக்க வேண்டியவை

* பெயர் திரிபு: முதலியார் மூட்லி எனவும், கவுண்டர் கவண்டர் எனவும் தென்னாப்பிரிக்காவில் திரிந்தன. பல குடும்பங்களில் முதலில் வந்தவரின் இயற்பெயரே பின்னர் குடும்பப் பெயர் ஆயிற்று. எனவே இன்றைய குடும்பப் பெயர் பட்டியலில் தனி ஒருவரின் பெயராகக் காணப்படலாம்.
* வயது: எழுதப்பட்ட வயது பெரும்பாலும் உத்தேசமானது. சில ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம்.
* சாதி: புறப்படும்போது கூறியதும், கேட்டவர் எழுதியதும் வேறுபடலாம். கடல் கடந்தபின் வேறு பட்டப் பெயர் பூண்டோரும் இருந்தனர். ஆகவே இன்றைய பட்டப் பெயரை மட்டும் கொண்டு பதிவை ஏற்பதோ தள்ளுவதோ கூடாது.
* குலதெய்வம்: எழுத்துச் சான்று அல்ல எனினும், குடும்பம் மறவாது வழிபட்டு வரும் தெய்வத்தின் பெயர் ஊரைக் குறுக்கித் தேட உதவக்கூடும்.

இன்றைய பயன்பாடு

இத்தேடல் உணர்வு சார்ந்தது மட்டுமன்று. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டவர், இந்தியக் கடல்கடந்த குடிமகன் அட்டை பெறுவதற்கு முன்னோர் இந்தியாவில் இருந்து சென்றவர் என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டும். இவ்வசதி பொதுவாகக் கொள்ளுப்பேரர் அளவில் நின்றுவிடுவது. மொரிசியசு நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படும் என 2024 இல் அறிவிக்கப்பட்டது. இதனால் மொரிசியசில் பழைய குடிவரவுப் பதிவு ஒன்று சட்டப் பெறுமதி உடைய சான்றாகவும் விளங்குகின்றது.

இவற்றையும் பார்க்க

* கூரம்
* கங்காணி முறை
* தென்னாப்பிரிக்கத் தமிழர்
* மொரிசியசுத் தமிழர்
* மலையகத் தமிழர்