தோடர் பூத்தையல்

நீலகிரித் தோடர் இனத்தில் ஆண், பெண் இருபாலரும் போர்த்தும் பருத்திப் போர்வை ‘பூத்துக்குளி’ எனப்படும். இறந்தவர் உடலுக்கும் இதையே போர்த்துவர். தோடர்கள் துணி நெய்வதில்லை. வெளியில் நெய்த வெண்ணிறத் துணியை வாங்கி, பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் பூத்தையல் இடுகின்றனர்.

துணிமேல் வடிவம் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். தைத்தது என்று தெரியாமல், தறியில் நெய்ததாகவே பலர் எண்ணுவர். தைக்கும்போது அடியில் அமையும், நூல் புடைத்த பக்கமே போர்வையின் மேற்பக்கமாகும்.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் இப்போர்வையும் இடம்பெற்றது. 2013இல் தோடர் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது. போலிகளைத் தடுக்க அது உதவும். ஆனால் இழை எண்ணும் பழக்கத்தை மகள் தாயிடம் கற்றால்தான் கலை நிலைக்கும்.