பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை

ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் அங்கே ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாயாத் தோட்டங்களுக்குப் போட்ட விதி இது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த விதியால் எழுந்தவைதான். துரைமார்களுக்குக் கல்வி மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு வந்த தொழிலாளி தோட்டத்திலேயே தங்கணும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கு கட்டடத்திலேயே தெரியும். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், கண் முதலில் அங்கேதான் போகிறது. சிமெண்டு மேடை, இடுப்புயரப் பலகைச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை, தகரக் கூரை. லயத்து வீடுகளின் அதே சிக்கனம். சீக்கிரம் கட்டலாம், வேண்டாமென்றால் சீக்கிரம் பிரிக்கலாம். காற்று நன்றாக வரும், ஆனால் மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். உள்ளே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். தனி ஆசிரியர் இல்லாத இடத்தில் கிராணியோ கங்காணியோ சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போனார்கள்.

இப்படி மலிவாகக் கட்டிய பள்ளிகளில் சில, தோட்டத்தையே தாண்டி நிற்கின்றன. அதற்கு ஒரு காரணம் பலகைதான். ஒன்று உளுத்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பெற்றோர்கள் அப்படி மாற்றி மாற்றித்தான் வைத்திருந்தார்கள். இன்னொரு காரணம் அரசு அங்கீகாரம். லயத்தை இடிக்க நிர்வாகம் நினைத்தால் போதும். ஆயாக்கொட்டகைக்கும் அதே கதி. பள்ளியை மூடுவதற்கோ இடம் மாற்றுவதற்கோ கல்வி அமைச்சு சம்மதிக்க வேண்டும்.

ஆனால் கூரை நம்முடையதாக இருந்தாலும் அடியில் உள்ள நிலம் பல இடங்களில் நம்முடையது இல்லை. ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் இதுதான். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, நிலம் தோட்ட நிறுவனத்திடம் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் புதுக் கட்டடம் எழுப்ப அரசுப் பணம் எளிதில் வராது.

சுதந்திரம் கிடைத்த 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய், ஆள் குறைவாகத் தேவைப்படும் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பள்ளிகள் சில நகரத்துக்கு இடம் மாறின. இன்னும் சிலவற்றைத் தேடி நகரமே வந்துவிட்டது. கோலாலம்பூரில் எடின்பரோ தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயரில்தான் தோட்டம், சுற்றிலும் நகரம்.

இப்போது 150 மாணவர்களுக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’. சில பள்ளிகளில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் பள்ளி தொடங்கவே போதுமாக இருந்த எண்ணிக்கை அது. காலனி அரசு பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை கேட்டது. நாம் அதே பத்துப் பிள்ளைகளைப் பார்த்து “இதுக்கு ஒரு ஸ்கூலா?” என்கிறோம்.

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போவது தவறில்லை. நல்ல ஆய்வுக்கூடம், மண்டபம் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும்தான். ஆனால் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் அந்தச் சில பிள்ளைகள் எப்படிப் போய் வருவார்கள் என்பதை முதலில் தீர்க்க வேண்டும். நிலமும் முதலிலேயே பள்ளியின் பெயருக்கு மாற வேண்டும், பேச்சில் இல்லை, பட்டாவில்.

இடம் மாறும் பள்ளிகளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து வைக்கலாம். ஒரு அளவுநாடாவும் இரண்டு பேரும் போதும், ஒரு சனிக்கிழமை வேலை. பழைய வருகைப் பதிவேடுகளைப் படம் எடுத்து வைக்கலாம். லயம் போன பிறகு, அந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன என்பதற்குப் பல இடங்களில் மிஞ்சும் எழுத்துச் சான்று அந்தப் பதிவேடுதான். அதையும் கரையான் தின்னும்.