எத்தனை ஸ்டார்?

1928 ஜூலை 31. ‘நியூயார்க் டெய்லி நியூஸ்’ பத்திரிகையில் ஐரீன் தைரர் என்ற விமர்சகர் ‘தி போர்ட் ஆஃப் மிஸ்ஸிங் கேர்ள்ஸ்’ என்ற படத்தைப் பற்றி எழுதினார். அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். மூன்று என்றால் அருமை, இரண்டு என்றால் நன்று, ஒன்று என்றால் சுமார், எதுவுமே இல்லாவிட்டால் மோசம் என்று வாசகர்களுக்கு விளக்கமும் சொன்னார். இனி எல்லாப் படங்களுக்கும் இப்படித்தான் என்றும் அறிவித்தார். சினிமாவுக்கு நட்சத்திர மதிப்பீடு வந்த கதை இந்த நாளிலிருந்துதான் சொல்லப்படுகிறது.

டெய்லி நியூஸ் 1919இல் தொடங்கிய பத்திரிகை. அளவில் சிறியது, புகைப்படங்கள் நிறைந்தது, சுரங்க ரயிலில் நின்றபடியே படிக்க வசதியானது. வேலைக்குப் போகிறவர்கள், கடைப் பெண்கள், குமாஸ்தாக்கள் வாங்கினார்கள். சாயங்காலம் எந்தப் படத்துக்குப் போகலாம் என்பதற்கு அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பதில் வேண்டும். தைரரின் நட்சத்திரம் அந்த அவசரத்துக்குப் பிறந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வாரம் முழுக்க உழைத்துச் சேர்த்த காசை எங்கே செலவழிக்கலாம் என்று கேட்பவருக்குச் சட்டென்று பதில் சொல்வது மரியாதையான வேலை.

சினிமாவுக்கு வரும் முன்பே இந்தக் குறிக்கு ஒரு நூற்றாண்டு வயது. 1820இல் மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் ஐரோப்பியப் பயணிகளுக்காக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னைப் பக்கம் அதிகாரியாக இருந்தவர். இத்தாலியக் கூடங்களில் நூற்றுக்கணக்கில் தொங்கும் ஓவியங்களில் எதன் முன் நிற்பது, எதைக் கடந்து போவது? ஸ்டார்க் ஓவியங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறிகள் போட்டார். எத்தனைக்கெத்தனை சிறந்ததோ அத்தனைக்கத்தனை குறிகள். அவருக்குப் பின் வந்த ஜான் மர்ரியின் கையேடுகளிலும் ஜெர்மனியின் பெடக்கர் கையேடுகளிலும் அந்த ஆச்சரியக்குறி நட்சத்திரமாக மாறியது. 1926இல் பிரான்ஸில் மிஷ்லின் டயர் கம்பெனியின் கையேடு நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் நியூயார்க்கில் அது சினிமாப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஸ்டார்க்கின் ஆச்சரியக்குறியை நம்பியவர்களிடம் அவருடைய புத்தகமே இருந்தது. நானூறு ஐந்நூறு பக்கம் அவரோடு பயணம் செய்தவர்களுக்கு அந்த அம்மாளின் ருசி பழகிப்போயிருக்கும். குறி போட்டவர் யார் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் குறியின் பயணம் முழுக்க நான் தேடிக்கொண்டு போவது இதைத்தான்: போட்ட கை தெரிகிறதா?

மிக அழகாகத் தெரிந்த இடம் பாரிஸ். ‘கஹியே து சினிமா’ பத்திரிகை 1950களின் நடுவில் ‘பத்துப் பேர் சபை’ என்று ஒரு அட்டவணை போடத் தொடங்கியது. இடப்பக்கம் அந்த மாதம் வந்த படங்களின் பெயர்கள். மேலே பத்து விமர்சகர்களின் பெயர்கள். ரிவெத், ரோமர், பஸான், த்ரூஃபோ போன்றவர்கள் வெவ்வேறு சமயங்களில் அதில் இருந்தார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் வேண்டுமானால் பார்க்கலாம், இரண்டு என்றால் பார்க்க வேண்டியது, மூன்று என்றால் கட்டாயம் பார்க்க வேண்டியது. கறுப்புப் புள்ளி விழுந்தால் வீட்டைவிட்டுக் கிளம்பவே வேண்டாம். ஒரே படத்துக்கு ஒரே வரிசையில் ஒருவர் மூன்று நட்சத்திரம், அடுத்தவர் கறுப்புப் புள்ளி. அந்தச் சண்டை கட்டத்துக்குள் அப்படியே நிற்கும். பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்து ஓரத்தில் யாரும் எழுதவில்லை. தொடர்ந்து படிக்கும் வாசகர் ஆறு மாதத்தில் தன் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். இவர் கறுப்புப் புள்ளி வைத்தால் எனக்குப் பிடிக்கும் என்றும் கண்டுபிடித்துவிடுவார், அதுவும் பயனுள்ள தகவல்தான். படங்களை மதிப்பிட மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் இதைவிட நேர்மையானது எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது நட்சத்திரம் மார்க் ஆகிவிட்டது. ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. 1977இல் வந்த பாரதிராஜாவின் முதல் படம் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 இன்றும் ஒரு சாதனையாகவே பேசப்படுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டால் குழம்பிப்போவார். நூற்றுக்கு அறுபத்திரண்டரை எப்படிச் சாதனையாகும்? அமெரிக்காவில் அந்த மதிப்பெண் வாங்கிய படத்துக்குத் தயாரிப்பாளர் வருத்தப்படுவார். ஆனால், தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அளவுகோலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நாற்பதுக்கு மேல் போனால் பார்க்கலாம், ஐம்பதைத் தொட்டால் அதைப் பற்றி ஊரே பேசும். விகடன் விமர்சனக் குழு மார்க் போடுவதில் கஞ்சம் என்பதை வாசகர்கள் அறிந்திருந்தார்கள், அந்தக் கஞ்சத்தனத்தின் மேல்தான் நம்பிக்கை நின்றது. வியாழக்கிழமை புத்தகம் வந்ததும் கடைசிப் பக்கத்தையோ ஜோக்கையோ விட்டுவிட்டு மார்க்கைத் தேடியவர்கள் பல்லாயிரம் பேர். வீட்டில் அண்ணன் “நாற்பத்திரண்டுதான் போட்டிருக்கான்” என்று அறிவிப்பார், அக்கா “போன படத்துக்கும் அப்படித்தான் போட்டான், நல்லாத்தானே இருந்துச்சு” என்பார். மார்க்கோடு மல்லுக்கட்டுவதும் ஒருவிதப் பரிச்சயம்தான்.

அமெரிக்காவில் இதே வருடங்களில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் சிகாகோவில் நான்கு நட்சத்திரக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். 1967இல் தொடங்கி 2013இல் இறக்கும்வரை எழுதினார். சக விமர்சகர் ஜீன் சிஸ்கெலுடன் தொலைக்காட்சியில் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்துவதும் கவிழ்ப்பதுமாக உலகம் அவரை அறிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பலமுறை விளக்கிச் சொன்ன ஒரு விஷயம்: நட்சத்திரம் ஒரு படத்தை அதன் இனத்துப் படங்களோடு மட்டுமே ஒப்பிடுகிறது. அடிதடிப் படத்துக்கு அவர் கொடுக்கும் மூன்றும், குடும்பத் துயரப் படத்துக்குக் கொடுக்கும் மூன்றும் ஒன்றல்ல. 2003இல் கான் திரைப்பட விழாவில் வின்சென்ட் காலோவின் ‘தி பிரவுன் பன்னி’யைப் பார்த்துவிட்டு, அந்த விழாவின் வரலாற்றிலேயே மோசமான படம் என்று சொன்னார். காலோ இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வெட்டி மறுபடி கொண்டுவந்தபோது அதே ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். இரண்டையும் தன் பெயரிலேயே சொன்னார், காரணமும் எழுதினார்.

சாதாரண ரசிகர் இந்தக் கதைக்குள் நுழைந்தது ஒரு ஏமாற்றத்தால். 1978இல் எட் மின்ட்ஸ் என்பவர் நாடகாசிரியர் நீல் சைமன் மேலிருந்த பிரியத்தால் ‘தி சீப் டிடெக்டிவ்’ படத்துக்குப் போனார். பிடிக்கவில்லை. வெளியே வந்தபோது இன்னொரு ரசிகர், விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், நம்மைப் போன்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால் தேவலை என்று சொன்னது காதில் விழுந்தது. அதை மின்ட்ஸ் விடவில்லை. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் வழிபாட்டு இடத்தில் நன்கொடைக்கு ஒரு அட்டை தருவார்கள். எழுதக் கூடாத நாள் என்பதால் தொகைக்கு நேரே உள்ள விளிம்பை மடித்தால் போதும். அந்த அட்டையே இருட்டுத் தியேட்டருக்கும் சரியான அட்டை! 1979இல் ‘சினிமா ஸ்கோர்’ தொடங்கியது. படம் வெளியான முதல் நாள் இரவு, சில நகரங்களின் தியேட்டர்களில் அட்டைகள் கொடுக்கப்படும். வயது, ஆணா பெண்ணா, ஏன் வந்தீர்கள், பள்ளி ரிப்போர்ட் போல ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை என்ன தருவீர்கள்.

இந்த அட்டையை நான் மதிக்கிறேன். தியேட்டர் விட்டு இறங்கும் மனிதரிடம் சூடு ஆறும் முன் கேட்கப்படுகிறது. படத்துக்குக் காசு கொடுத்து, முதல் நாளே ஆசையோடு வந்தவர் அவர். அதனால்தான் அதன் விடைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘டைட்டானிக்’, ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ இரண்டும் ‘ஏ பிளஸ்’. ‘எஃப்’ வாங்கிய பட்டியலில் ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘சோலாரிஸ்’ இருக்கிறது, 2017இல் வந்த டேரன் அரனோஃப்ஸ்கியின் ‘மதர்’ இருக்கிறது. ஜார்ஜ் குளூனி விண்வெளிக்குப் போகிறார் என்று வந்தவர்களுக்கு, இறந்த மனைவியை மறக்க முடியாத ஒருவரின் மெதுவான துக்கம் கிடைத்தது. அவர்கள் மடித்த விளிம்பு பொய்யில்லை. ஆனால் அது சோலாரிஸை அளக்கவில்லை, விளம்பரம் கொடுத்த வாக்குக்கும் திரையில் வந்ததற்கும் உள்ள தூரத்தை அளந்தது. ‘மதர்’ படத்துக்காக மார்ட்டின் ஸ்கார்செஸி கட்டுரையே எழுதினார், இந்த மாதிரி மதிப்பெண்கள் படம் பார்க்கும் பழக்கத்தையே கெடுக்கின்றன என்று. அவர் கோபத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. அட்டை மடித்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த மடிப்பைக் காட்டிப் படமே குப்பை என்று மறுநாள் தலைப்புப் போடுபவர்களைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நட்சத்திரம் எண்களின் வெள்ளத்தில் விழுந்தது. 1990இல் பிரிஸ்டலில் கோல் நீதம் தொடங்கி வைத்த ஐஎம்டிபி பத்துக்கு இத்தனை என்று உலகத்தையே வாக்களிக்க வைத்தது. குறைந்த வாக்குகள் உள்ள படத்தின் சராசரியைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் சூத்திரம் ஒன்றையும் அது வைத்தது, பத்துப் பேர் சேர்ந்து தூக்கிவிட முடியாதபடி. 1994இல் தியேட்டர்களில் ஓடாமல் போன ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’, வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் வீடு வீடாகப் போய், அந்தப் பட்டியலின் உச்சியில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்துக்குச் சராசரி நல்லது செய்தது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் சராசரி எதை மறைக்கிறது என்பதை நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. 2006இல் அது தன் வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டு, ஒருவர் அடுத்த படத்துக்கு எத்தனை போடுவார் என்பதைத் தன் கணிப்பைவிடப் பத்து விழுக்காடு துல்லியமாகச் சொல்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்றது. மூன்று வருடம் ஆயிற்று. 2009இல் இரண்டு அணிகள் ஒரே அளவுக்கு வந்து நின்றன. இருபது நிமிடம் முன்னால் அனுப்பிய அணிக்குப் பரிசு போயிற்று. அந்தக் கணித வல்லுநர்களை மிகவும் அலைக்கழித்த படங்களில் ஒன்று ‘நெப்போலியன் டைனமைட்’, 2004இல் வந்த சின்ன நகைச்சுவைப் படம். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒன்று போட்டார்கள் அல்லது ஐந்து போட்டார்கள். சராசரி மூன்று என்று வந்தால், அந்த மூன்றைப் போட்ட ஆள் அபூர்வம். இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள்: ஒரே படத்துக்குப் பார்த்தவுடன் மதிப்பிடுபவர்கள் போடுவதும், நீண்ட காலம் கழித்து நினைவிலிருந்து மதிப்பிடுபவர்கள் போடுவதும் வேறு வேறாக இருந்தன. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நட்சத்திரத்தையே எடுத்துவிட்டுக் கட்டைவிரலுக்குப் போனது. மக்கள் உயர்ந்த ஆவணப்படங்களுக்கு ஐந்து போட்டுவிட்டு லேசான நகைச்சுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காரணம் சொன்னது.

இதற்கெல்லாம் நடுவே நம் ஊர்த் தியேட்டர் வாசலில் மைக்கும் கேமராவும் வந்து நின்றன. முதல் காட்சி விட்டு வருபவரிடம் “படம் எப்படி ப்ரோ?” “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை.” 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிப் பேட்டி எடுக்க விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாளுக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டு வழக்கும் வந்தது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. கோடிகளைப் போட்டவரின் பயம் எனக்குப் புரிகிறது, காழ்ப்போடு பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நீதிமன்றம் செய்தது சரி. காசு கொடுத்துப் பார்த்தவர் வாசலில் நின்று பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை, அந்த டிக்கெட்டோடு சேர்ந்தே வாங்கப்பட்டது. “ஒருவாட்டி பார்க்கலாம்”, “தியேட்டருக்கு வேணாம், ஓடிடில வந்தா பாரு”, “தலைவருக்காகப் போகலாம்” என்று நாம் சொல்வதில் யார், எங்கே, எதற்காகப் பார்க்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. இத்தனையும் நட்சத்திரத்தில் அடங்காது.

நட்சத்திரத்துக்குக் கை திரும்பக் கிடைத்தது நியூசிலாந்தில் என்று சொல்வேன். 2011இல் ஆக்லாந்தில் மாத்யூ புக்கானனும் கார்ல் ஃபான் ராண்டோவும் தொடங்கிய ‘லெட்டர்பாக்ஸ்ட்’ படம் பார்த்தவர்களின் நாட்குறிப்பு. என்றைக்குப் பார்த்தேன், அரை முதல் ஐந்து வரை எத்தனை, வேண்டுமானால் ஒரு வரி. அவரவர் பக்கத்தின் மேலே பிடித்த நான்கு படங்கள். அந்த நான்கைப் பார்த்தாலே அவர் மூன்றரை போட்டதற்கு என்ன பொருள் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். என் நண்பர்கள் வட்டத்தில் பலர் இதில் எழுதுகிறார்கள். ஒருவர் பேய்ப் படங்களுக்கு மூன்றைத் தாண்ட மாட்டார். இன்னொருவர் இளையராஜா இசை இருந்தால் தானாக அரை கூட்டிவிடுவார். எனக்கு இருவரும் வேண்டும். ஒரு படத்தை மறுமுறை பார்த்தால் மறுபடி தேதி போட்டு வேறு எண் கொடுக்கலாம், பழைய பதிவு அழிவதில்லை. கல்லூரி நாளில் பார்த்துவிட்டு இரண்டு போட்ட படத்துக்கு, அப்பாவான பிறகு பார்த்து நாலரை போட்டிருக்கிறார் அந்தப் பேய்ப்பட நண்பர். இரண்டும் அவர் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை நானும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.