வாரம் நாலு லீற்றர்
நம்ம ஹட்டன், நோர்வூட் பக்கம் ஸ்கூட்டி வைத்திருப்பவர்கள் மறக்க முடியாத ஐந்து வருடம் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய ஸ்கூட்டிக்கும் விலை ஏற, வைத்திருந்தவரெல்லாம் முதலாளி! அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. 2021 மே மாதம் 137 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470. அதற்கும் வரிசை.

அடுத்து கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கொழும்பில் தட்டையான ரோட்டில் ஓடுகிறவருக்கும் அதே அளவு, தோட்டத்துப் பாடசாலைக்கு ஏற்றம் ஏறும் டீச்சருக்கும் அதே அளவு. மிச்சம்பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டி வந்தவர்கள் உண்டு. கியரைக் குறைத்துப் பிடிக்க வழியில்லாத வண்டி. பிரேக்கை மட்டும் நம்பி, மழையில், அத்தனை வளைவுகளிலும்!

2023 செப்டெம்பர் 1இல் கோட்டா நீங்கியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியும் திறந்தது. வரியோடு விலையைக் கேட்டவர்கள் பழைய ஸ்கூட்டியையே கழுவித் துடைத்துக்கொண்டார்கள்.