ரயிலைத் திருப்பிய சின்ன ரிலே

பொம்மை காரில் பேட்டரி வயர்களை இடம் மாற்றிக் கொடுத்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஆறு பெட்டி ரயிலில், பெட்டிக்குப் பெட்டி மோட்டார் இருந்தால்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எப்படித் திருப்புவது? இந்தக் கேள்விக்குப் பதில் தருவதாகச் சொல்லி 1897ல் ஒருவர் ஒரு லட்சம் டாலர் பிணைத்தொகைக்குக் கையெழுத்துப் போட்டார். அவர்தான் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்ப்ரேக்.

சிகாகோ நகரின் சவுத் சைடு உயர்மட்ட ரயில் 1892ல் நீராவி இன்ஜினோடு ஓடத் தொடங்கியது. கடைசி ஸ்டேஷன் வந்ததும் வண்டியின் மறுமுனைக்கு இன்ஜின் வர வேண்டும். நேரமும் வீண், செலவும் வீண். மின்சாரத்துக்கு மாற கம்பெனி முடிவு செய்தபோது ஸ்ப்ரேக் சொன்ன யோசனை இது: தனி இன்ஜினே வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார் இருக்கட்டும். எந்த முனையில் உட்கார்ந்தும் ஒரே ஆள் அத்தனையையும் ஓட்டட்டும்.

சொல்வது சுலபம். மோட்டார்களுக்குப் போகும் பெரிய மின்சாரத்தை எல்லாம் டிரைவரின் கைப்பிடி வழியாகக் கொண்டுவர முடியாது. இங்கேதான் ரிலே வருகிறது. சின்ன மின்சாரம் ஒரு காந்தத்தை இயக்க, அந்தக் காந்தம் இன்னொரு சுற்றின் சுவிட்சைப் போடும். தந்திக் காலத்திலேயே வந்துவிட்ட கருவிதான் இது. டிரைவரிடமிருந்து மெல்லிய வயர்களில் கட்டளை மட்டும் போகும். கனமான வேலையை அந்தந்தப் பெட்டியில் உள்ள சுவிட்சுகள் பார்த்துக்கொள்ளும்.

திசை மாற்றுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரயிலில் இருந்தவை சீரீஸ் மோட்டார்கள். பொம்மை மோட்டார் போல மெயின் வயர் இரண்டையும் மாற்றினால் இவை திரும்பாது. ஏனென்றால் ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டிலும் மின்னோட்டம் சேர்ந்தே மாறிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். அதுவும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒரு பெட்டி முன்னே இழுக்க, இன்னொன்று பின்னே இழுத்தால் என்ன ஆகும்?

1897 ஜூலையில் ஸ்கெனெக்டடி நகரில் சோதனை நடந்தது. ஆறு பெட்டி ரயிலை ஓட்டிக் காட்டியது யார் தெரியுமா? ஸ்ப்ரேக்கின் பத்து வயது மகன் டெஸ்மண்ட்! பலம் தேவையில்லை, கைப்பிடியைத் திருப்பினால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1898ல் சிகாகோவில் இந்த முறையில் பயணிகள் ரயில் ஓடியது.

1931ல் சென்னை கடற்கரை - தாம்பரம் பாதைக்கும் இதே வகை ரயில் வந்தது. அப்போது அது 1500 வோல்ட் டி.சி. பாதை, 1960களில் ஏ.சி.க்கு மாறியது. இன்று மோட்டாரைத் திருப்பும் வேலையைப் பல இடங்களில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் தாம்பரத்தில் வந்து நிற்கும் புறநகர் ரயிலில் டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போகிறார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் கையில் இருப்பது ஸ்ப்ரேக் ஒரு லட்சம் டாலரைப் பணயம் வைத்த அதே யோசனைதான்.