செர்கேய் சல்திகோவும் முதலாம் பாவெலின் தந்தை யார் என்ற சர்ச்சையும்

செர்கேய் வாசிலியேவிச் சல்திகோவ் (பிறப்பு சுமார் 1726) ரஷ்ய அரசவைப் பிரபு. பின்னாளில் பேரரசி இரண்டாம் கத்தரீனாக முடிசூடிய இளவரசியின் முதல் காதலர் இவர்தான். 1754-இல் பிறந்த இளவரசர் பாவெலுக்குத் தந்தை இவரா, இளவரசியின் கணவர் பீட்டரா என்ற கேள்வி எழாதிருந்தால், வரலாறு இவரைப் பொருட்படுத்தியிருக்காது.

பட்டத்து இளவரசர் பீட்டருக்கும் ஜெர்மானியச் சிற்றரசர் குடும்பத்துப் பெண்ணான கத்தரீனுக்கும் 1745-இல் திருமணம் நடந்தது. ஆண்டுகள் கடந்தும் வாரிசு இல்லை. பீட்டரை வாரிசாக வரவழைத்த பேரரசி எலிசபெத், பொறுமையிழந்தார். இளவரசியைக் கண்காணிக்க அவர் வைத்திருந்தவர் தம் உறவினரான மரியா சொக்லோகோவா. இந்த அம்மையார் ஒருநாள் இளவரசியைத் தனியே அழைத்து, அரசின் நலனுக்காகக் கற்பு நெறியைச் சற்றுத் தளர்த்தலாம் என்ற பொருளில் பேசி, சல்திகோவ், லெவ் நரீஷ்கின் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று குறிப்புக் காட்டியதாகக் கத்தரீனே எழுதியிருக்கிறார். காவலுக்கு வைத்தவரே கதவைத் திறந்துவிட்ட கதை இது. எலிசபெத்துக்குத் தெரியாமல் இது நடந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

சல்திகோவ் பீட்டரின் அவையில் பணியாற்றியவர். அழகர், பேச்சில் கெட்டிக்காரர். பேரரசியின் தோழிப்பெண் மத்ரியோனா பால்க்கை மணந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1752-இல் இளவரசியை வட்டமிடத் தொடங்கினார். மரியாவின் கணவர் சொக்லோகோவ் எப்போதும் உடனிருப்பது தொல்லையாக இருந்தது. அதற்குச் சல்திகோவ் கண்ட வழி சுவையானது: அந்த மனிதருக்குக் கவிதை எழுதும் திறமை இருப்பதாகப் புகழ்ந்து நம்பவைத்தார். அதன்பின் சொக்லோகோவ் மாலைதோறும் அறைமூலையில் கணப்படுப்பின் அருகே அமர்ந்து பாட்டுக் கட்டுவார். நரீஷ்கின் அதற்கு மெட்டமைப்பார். மற்றவர்கள் தடையின்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதே சொக்லோகோவின் தீவில் நடந்த வேட்டையின்போதுதான் சல்திகோவ் தம் காதலை வற்புறுத்திச் சொன்னார். அன்று காற்றில் கடல்நீர் ஏறி, எல்லோரும் நள்ளிரவு தாண்டியும் அங்கேயே சிக்கிக்கொண்டனர்.

இரண்டு கருச்சிதைவுகளுக்குப் பின், 1754 செப்டம்பர் 20-இல் (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி) பீட்டர்ஸ்பர்க் கோடை அரண்மனையில் பாவெல் பிறந்தார். குழந்தையை எலிசபெத் உடனே தம் அறைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். பிள்ளை பெற்றவள் குளிர்காற்று வீசும் அறையில் கிடந்து தண்ணீர் கேட்டும், அனுமதி இல்லை என்று மருத்துவச்சி தரவில்லை. குழந்தையோ வெப்பமான அறையில், கருநரித் தோல் பதித்த தொட்டிலில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. பேரரசி இளவரசிக்கு 1,00,000 ரூபிள் பரிசளித்தார். தமக்கும் அதே தொகை வேண்டும் என்று பீட்டர் அடம்பிடிக்க, கஜானாவில் பணமில்லாததால், கொடுத்ததையே கத்தரீனிடம் கடனாகத் திருப்பிக் கேட்டு வாங்கினார்கள்!

வாரிசு கிடைத்ததும் சல்திகோவ் வேண்டாதவரானார். பிறப்புச் செய்தியை அறிவிக்க அவரையே சுவீடனுக்கு அனுப்பினார்கள். பிறகு ஹாம்பர்க்கில் தூதுப் பதவி. இடையில் தலைநகருக்கு வந்தபோது, ஓர் இரவு கத்தரீன் மூன்று மணிவரை காத்திருந்தும் அவர் வரவில்லை. காதல் அத்துடன் ஓய்ந்தது. 1762-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பின் கத்தரீன் அவரைப் பாரிசுக்குத் தூதராக அனுப்பினார், பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

தந்தை யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இரு பக்கமாக நிற்கிறார்கள். சல்திகோவ் பக்கம் நிற்போருக்கு முதன்மைச் சான்று கத்தரீனின் நினைவுக்குறிப்புகளே. ஆனால் பீட்டருக்கு இருந்த உடற்குறை ஒரு சிறு அறுவைச் சிகிச்சையால் தீர்ந்தது என்றும், அதற்கு வழிசெய்தவரே சல்திகோவ் என்றும் அக்காலப் பிரெஞ்சுத் தூதரக அறிக்கை ஒன்று சொல்கிறது. அது உண்மையானால் கணவரே தந்தையாகவும் இருக்கலாம். பாவெலின் சப்பை மூக்கு, திடீர்ச் சினம், பிரஷ்யப் படைப்பயிற்சி மீதான வெறி எல்லாம் பீட்டரை நினைவூட்டுபவை. அழகரான சல்திகோவின் சாயல் பாவெலிடம் தேடினாலும் தென்படாது. குணம் பார்த்துப் பழகியும் வருவது என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கத்தரீனின் எழுத்தை அப்படியே நம்பவும் முடியாது. கணவரை வீழ்த்தி அரியணை ஏறியவர் அவர். பிறப்புவழி உரிமை மகனுடையது. பீட்டரின் இரத்தம் பாவெலிடம் இல்லை என்ற ஐயம் பரவினால், மகனின் உரிமையும் தாயின் உரிமையைப் போலவே பலவீனமானதாகிவிடும். பாவெலோ தாம் பீட்டரின் மகன் என்பதை ஊரறிய நிலைநாட்டினார். 1796-இல் ஆட்சிக்கு வந்ததும் பீட்டரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, சவப்பெட்டிக்கு முடிசூட்டி, கத்தரீனின் அருகே அடக்கம் செய்தார். மறு ஆண்டு, ஆண்வழி மூத்த மகனுக்கே அரியணை என்ற வாரிசுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

நினைவுக்குறிப்புகள், மகனின் பெயர் எழுதி முத்திரையிட்ட உறையில், கத்தரீன் இறந்தபின் பாவெலிடமே கிடைத்தன. அவர் நண்பர் குராகினுக்குப் படிக்கக் கொடுக்க, அங்கிருந்து படிகள் இரகசியமாகப் பரவின. கவிஞர் புஷ்கினிடமும் ஒன்று இருந்தது. பாவெலின் மகன் முதலாம் நிக்கோலாய் அவற்றைத் தேடிப் பறிமுதல் செய்யச் சொன்னார். 1859-இல் லண்டனில் அலெக்சாந்தர் ஹெர்சன் மூல பிரெஞ்சிலேயே நூலை அச்சிட்டார். ரஷ்யாவிலேயே முழுமையாக வெளிவர 1907 வரை, 1905 புரட்சிக்குப் பின் தணிக்கை தளரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.